1869ல் ரட்கர்ஸ் ஆடியது அமெரிக்கக் கால்பந்தா?

கேள்வி | ஜூன் 3, இரவு 9.20

அமெரிக்கக் கால்பந்து 1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதிய ஆட்டத்தில் பிறந்தது என்றுதான் எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறது. 25 வருஷம் கழித்துப் பார்த்தால் அதே ஆட்டத்தில் எலும்பு முறிகிறது, ரத்தம் ஓடுகிறது. பணக்கார வீட்டுப் பையன்களின் முரட்டுத்தனம்தான் காரணம் என்பது என் கட்சி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 10.45

இரண்டையும் மறுக்கிறேன்.

நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக்கில் அன்று ஆடியது, இன்று நாம் ஃபுட்பால் என்று சொல்லும் ஆட்டத்துக்குத்தான் நெருக்கம். அணிக்கு 25 பேர். உருண்டைப் பந்து. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது, எறியவும் கூடாது. ரட்கர்ஸ் 6-4 என்று வென்றது. டச்டவுன் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தொட்டு வைப்பது) கிடையாது, டாக்கிள் (ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவது) கிடையாது, பந்தை வைத்து வரிசை கட்டி நிற்பதும் கிடையாது. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் அமெரிக்கக் கால்பந்தில் மிச்சம் என்ன?

என்னைக் கேட்டால் அந்த ஆட்டம் பிறந்தது 1880ல், விதிப் புத்தகத்தில் ஒரே ஒரு வாக்கியத்தில். எலும்பு முறிந்ததும் அந்த வாக்கியத்தின் தொடர்ச்சிதான். பையன்களின் குணத்தை அதில் இழுக்க வேண்டியதில்லை. விளக்கம் நாளை.

ஜூன் 4, காலை 6.50

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். கையால் தொடவே கூடாது என்று படித்தவர்களுக்குத் தோன்றியிருக்கும். கையாலும் தலையாலும் பந்தைத் தட்டலாம். பிடித்து ஓடுவதுதான் தடை.

ஒரு வாரம் கழித்து நவம்பர் 13 அன்று பிரின்ஸ்டனில் மறு ஆட்டம். அது பிரின்ஸ்டன் விதிப்படி: எதிரி உதைத்த பந்தை ஏந்திப் பிடித்தால் இடையூறில்லாமல் ஒரு உதை உண்டு. பிரின்ஸ்டன் 8-0 என்று ஜெயித்தது. யார் ஊரில் ஆட்டமோ அவர்கள் விதி என்பதுதான் அந்தக் காலத்து ஏற்பாடு. அதனால் 1870களின் எந்த முடிவைப் படித்தாலும், எந்த விதியில் ஆடினார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஜூன் 4, இரவு 9.30

ரக்பி உள்ளே வந்த வழி.

1873 அக்டோபரில் யேல், பிரின்ஸ்டன், ரட்கர்ஸ் மாணவர்கள் நியூயார்க்கில் கூடி உதைக்கும் ஆட்டத்துக்குப் பொது விதி எழுதினார்கள். அணிக்கு 20 பேர். ஹார்வர்டுக்கும் அழைப்பு போனது, அவர்கள் வரவில்லை. காரணம், ஹார்வர்டில் ஆடிய 'பாஸ்டன் ஆட்டம்' வேறு மாதிரி. எதிராளி துரத்தினால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். அதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை.

பொது விதியை ஒதுக்கியதால் ஹார்வர்டோடு ஆட அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாமல் போனது. 1874 மே மாதம் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக அணி, ஹார்வர்ட் இருக்கும் கேம்பிரிட்ஜ் ஊருக்கு வந்தது. முதல் நாள் பாஸ்டன் விதி, ஹார்வர்ட் 3-0. மறுநாள் மெக்கிலின் ரக்பி விதி, 0-0. கோலே விழாத அந்த இரண்டாவது ஆட்டம்தான் ஹார்வர்ட் பையன்களுக்குப் பிடித்துப்போனது. அடுத்த வருஷம் நவம்பர் 13 அன்று யேலோடு அணிக்கு 15 பேராக, இரு தரப்பும் விட்டுக்கொடுத்து ஒத்துக்கொண்ட விதியில் ஆடி வென்றார்கள். பிரின்ஸ்டன் ஆட்கள் அதை நேரில் பார்த்தார்கள். 1876 நவம்பரில் மசாசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் மாசசாய்ட் ஹவுஸ் என்ற விடுதியில் கூடி, ஏறக்குறைய ரக்பி யூனியன் விதியையே எடுத்துக்கொண்டார்கள். ஹார்வர்ட், பிரின்ஸ்டன், கொலம்பியா சங்கத்தில் சேர்ந்தன. யேல் கூட்டத்துக்கு வந்தது, ஆனால் 1879 வரை சேரவில்லை. அணிக்கு 11 பேர் போதும் என்பது அவர்கள் பிடிவாதம்.

ஏன் 11? 1873 டிசம்பரில் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளிப் பழைய மாணவர் அணி ஒன்றோடு யேல் அணிக்கு 11 பேராக ஆடி 2-1 என்று வென்றிருந்தது. ஆள் குறைந்தால் ஓட இடம் கிடைக்கும் என்பதை அன்றே கண்டுகொண்டார்கள்.

ஜூன் 5, இரவு 10.10

நான் சொன்ன அந்த வாக்கியம்.

ரக்பியில் இரு அணியும் கூட்டமாகக் குனிந்து ஒன்றையொன்று தள்ளுவது ஸ்க்ரம். அதில் பந்து இரு கூட்டத்துக்கும் நடுவில் கிடக்கும். அந்தக் காலத்து முறைப்படி அதை முன்னே உதைத்துத் தள்ள வேண்டும். குதிகாலால் பின்னே எடுப்பது முறையல்ல. பந்து எந்தப் பக்கம் வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. இங்கிலாந்துப் பள்ளிகளில் வழிவழியாக ஆடியவர்களுக்கு எது முறை, எது முறையில்லை என்று சொல்லித் தர மூத்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்க மாணவனிடம் இருந்தது அச்சடித்த விதி மட்டும். எழுதாததெல்லாம் செய்யலாம் என்று அவன் எடுத்துக்கொண்டான். இதற்குப் பின் நடந்த அத்தனைக்கும் வேர் இது.

1880ல் யேலின் வால்டர் கேம்ப் முன்வைத்தது இதுதான்: பந்தை வைத்திருப்பவன் அதைத் தன் முன்னே தரையில் வைத்து, உதைத்தோ காலால் பின்னே உருட்டியோ ஆட்டத்தைத் தொடங்கலாம். பின்னே வரும் பந்தை முதலில் எடுப்பவன் குவார்ட்டர்பேக்; அவன் அதை எடுத்துக்கொண்டு முன்னே பாயக்கூடாது, வேறொருவனுக்குத் தர வேண்டும்.

இதன் பலன், பந்து யாருடையது என்ற சந்தேகம் தீர்ந்தது. அடுத்து பந்து நம் கையில்தான் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே திட்டம் போடலாம், சைகை வைக்கலாம், ஒவ்வொருவனுக்கும் ஒரு வேலை ஒதுக்கலாம். ரக்பியில் அதற்கு வழியே இல்லை. அதே வருஷம் 11 பேர் என்பதும் நிறைவேறியது. ஆளைக் குறைத்ததை ஒட்டி 140க்கு 70 கெஜமாக இருந்த மைதானம் 110க்கு 53 ஆகச் சுருங்கியது.

ஜூன் 6, காலை 7.05

அந்த விதியில் ஓட்டை எங்கே என்று ஒருவர் கேட்டிருந்தார். பந்தை வைத்திருக்கும் அணி அதை எப்போது விட வேண்டும் என்று எழுதவில்லை. அதுதான் ஓட்டை.

1881 தேங்க்ஸ்கிவிங் நாளில் பிரின்ஸ்டனும் யேலும் நியூயார்க்கில் ஆடினார்கள். முதல் பாதி முழுக்கப் பந்து பிரின்ஸ்டனிடம். தரையில் வைப்பார்கள், பின்னே எடுப்பார்கள், விழுவார்கள், மறுபடி வைப்பார்கள். நெருக்கடி வந்தால் தம் கோல் கோட்டுக்குப் பின்னால் பந்தைத் தொட்டு வைப்பார்கள். அதற்கு அப்போது புள்ளிக் குறைப்பு இல்லை, பந்து மறுபடி அவர்களுக்கே. இரண்டாம் பாதியில் யேலும் இதையே திருப்பிச் செய்தது. 0-0. காசு கொடுத்து வந்த கூட்டம் கத்தித் தீர்த்தது.

மறு வருஷம் மருந்து போட்டார்கள். மூன்று முயற்சிக்குள் 5 கெஜம் முன்னேற வேண்டும்; இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. 5 கெஜத்தை எப்படி அளப்பது? மைதானத்தின் குறுக்கே 5 கெஜத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. 110 கெஜ மைதானத்தில் இரண்டு கோல் கோட்டுக்கும் நடுவே 21 கோடு, ஒவ்வொன்றும் 53 கெஜம். மொத்தம் 1,113 கெஜம். மேலேயிருந்து பார்த்தால் இறைச்சி சுடும் கம்பிச் சட்டம் போலத் தெரியும். அமெரிக்க மைதானத்துக்கு இன்றுவரை நிற்கும் 'கிரிட்அயர்ன்' (gridiron) என்ற பட்டப்பெயர் அப்படி வந்தது.

ஜூன் 6, மதியம் 1.30

அவசரத்தில் பாதி விதியை விட்டுவிட்டேன். 1882 விதி "5 கெஜம் முன்னேற வேண்டும், அல்லது 10 கெஜம் இழக்க வேண்டும்" என்கிறது. அதாவது 10 கெஜம் பின்னே போனாலும் பந்து உன்னிடமே இருக்கும்! எழுதியதை எழுதியபடியே படிக்கும் பழக்கத்தை மேலே சொன்னேன். வேண்டுமென்றே 10 கெஜம் பின்வாங்கிப் பந்தைக் காப்பாற்றுவதும் சட்டப்படி சரியான ஆட்டமாயிற்று.

ஜூன் 6, இரவு 11.00

புள்ளிக் கணக்கு. இது இல்லாமல் அந்தக் காலத்து முடிவுகள் புரியாது.

1876ல் எண்களே இல்லை. அதிக டச்டவுன் எடுத்தவன் வெற்றி. ஒரு கோல் நான்கு டச்டவுனுக்குச் சமம். 1883ல் எண் வந்தது: டச்டவுன் 2, அதன் பின் உதைக்கும் கோல் 4, ஃபீல்ட் கோல் (டச்டவுன் இல்லாமல் ஆட்டத்தின் நடுவே உதைத்துப் போடும் கோல்) 5, தன் கோட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் எதிரணிக்கு 1. அடுத்த வருஷமே டச்டவுன் 4, உதை 2, கடைசியாகச் சொன்னது 2 என்று மாற்றினார்கள். 1898ல் டச்டவுன் 5, உதை 1.

நடப்பதைக் கவனியுங்கள். காலால் கிடைக்கும் புள்ளி தேய்கிறது, கையால் ஓடி எடுப்பது வளர்கிறது. ஆனாலும் 1884க்குப் பிறகுகூட ஒரு ஃபீல்ட் கோல் ஒரு டச்டவுனைவிடப் பெரியது.

டச்டவுன் எடுத்தவன் கோட்டைத் தாண்டியதும் நிற்காமல் கம்பங்களுக்கு நடுவே வளைந்து ஓடப் பார்ப்பான். பந்தைத் தொட்டு வைத்த இடத்துக்கு நேரே பின்னே வந்துதான் உதைக்க வேண்டும். மைதான ஓரத்தில் வைத்தால் கோணம் கெட்டுப்போகும், 2 புள்ளி போயே போச்சு.

ஜூன் 8, இரவு 9.15

இப்போது ரத்தம். 1888ல் ஒரே கூட்டத்தில் இரண்டு மாற்றம். ஒன்று, அதுவரை இடுப்புக்கு மேல்தான் பிடிக்கலாம். இனி முழங்கால் வரை பிடிக்கலாம். இரண்டு, தடுப்பவர்கள் கையை விரித்து நிற்கக்கூடாது.

முழங்காலில் பிடித்தால் எவ்வளவு வேகமாக ஓடுபவனும் விழுவான். திறந்த வெளியில் தனியாக ஓடுவதில் பயன் போனது. கையை விரிக்க முடியாததால் இரண்டு பேருக்கு நடுவே இடைவெளி விட்டால் எதிராளி நுழைந்துவிடுவான். ஆகவே வரிசை தோளோடு தோள் நெருங்கியது. பின்னால் நிற்பவர்களும் ஒட்டி வந்தார்கள். 5 கெஜம் எடுக்க ஒரே வழி, கூட்டமாக ஒரே புள்ளியில் இடிப்பது. யாரும் திட்டமிட்டு வன்முறையைக் கொண்டுவரவில்லை. இரண்டு வரி விதி ஆட்டத்தைக் கழுத்தைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளியது.

ஆள் மாற்று விதியும் சேர்ந்துகொண்டது. காயம் பட்டாலோ நடுவர் வெளியேற்றினாலோதான் மாற்று ஆள். வெளியே போனவன் திரும்ப வர முடியாது. அடிபட்டவன் அதை மறைத்துக்கொண்டு ஆடினான். தலைக்கவசம் கிடையாது, முடியை நீளமாக வளர்ப்பதுதான் கவசம். 1890களில் ரப்பர் மூக்குக் காப்பு வந்தது. உடம்பில் முன்பக்கம் கயிறு போட்டு இறுக்கிய கித்தான் சட்டை. 1877ல் பிரின்ஸ்டனில் தொடங்கிய வழக்கம். பிடித்தால் நழுவும் என்பதே அதன் பயன். இன்னும் நழுவட்டும் என்று கொழுப்பு தடவியவர்களும் உண்டு.

ஜூன் 9, இரவு 10.40

பறக்கும் ஆப்பு, அதாவது ஆப்பு வடிவில் கூட்டமாக ஓடி வந்து இடிக்கும் முறை. கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக.

முதலில் ஓட்டை: ஆட்டம் தொடங்கும்போது பந்தை உதைக்க வேண்டும் என்று விதி. எவ்வளவு தூரம் என்று எழுதவில்லை. கால் விரலால் தொட்டுவிட்டுக் கையில் எடுத்தால் அதுவும் உதைதான். 1884லேயே பிரின்ஸ்டன் இப்படித் தொட்டு எடுத்து, ஆளைச் சுற்றி V வடிவில் கூடி நடந்தது. ஆனால் அது நின்ற இடத்தில் கிளம்புகிற கூட்டம். எதிரே படுத்துவிட்டால் சரிந்துவிடும்.

பறக்கும் ஆப்பை ஹார்வர்டுக்கு வகுத்துக் கொடுத்த லோரின் டீலேண்ட் ஆட்டக்காரர் அல்ல. பாஸ்டன் வியாபாரி, சதுரங்கப் பித்து, நெப்போலியனின் போர்முறையில் ஈடுபாடு. படையை ஒரே இடத்தில் குவித்து அடிப்பதைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். 1892 நவம்பர் 19, ஸ்பிரிங்ஃபீல்டின் ஹாம்ப்டன் பார்க். இரண்டாம் பாதித் தொடக்கம். ஹார்வர்ட் கேப்டன் டிராஃபர்ட் பந்தோடு நடுவில் தனியாக நிற்கிறார். மற்றவர்கள் இரு பிரிவாக இருபுறமும் வெகு பின்னால். சைகை கிடைத்ததும் இரு பிரிவும் முழு வேகத்தில் சாய்வாக அவரை நோக்கி ஓடி வருகின்றன. இரண்டும் ஒன்றுசேரும் நொடியில் அவர் பந்தைக் காலால் தொட்டு எடுத்து, ஆப்புக்குள் ஓடும் பிரூவரிடம் தருகிறார். மொத்தக் கூட்டமும் யேல் வரிசையில் ஒரே ஆள் மேல் போய் விழுகிறது.

நிற்கும் தேரைக் கிளப்பத்தான் பாடு. ஓடும் தேரை நிறுத்த முட்டுக்கட்டை வேண்டும். யேலிடம் முட்டுக்கட்டை இல்லை. விதிப்படி அவர்கள் 10 கெஜம் தள்ளி நிற்க வேண்டும், வேகம் எடுக்கவும் நேரமில்லை. பந்து வெகுதூரம் முன்னேறியது.

ஆனால் அந்த ஆட்டத்தில் ஜெயித்தது யேல், 6-0. ஒரு டச்டவுன், ஒரு உதை. ஆப்பு ஒரு தடவை தூரம் வாங்கித் தரும், அதற்குப் பிறகு மூன்று முயற்சி 5 கெஜம் என்ற பழைய கணக்குக்கே திரும்ப வேண்டும். இருந்தும் மறு வருஷம் பார்த்த கல்லூரியெல்லாம் ஆப்பு.

ஜூன் 10, காலை 6.30

"கல்லூரி நிர்வாகம் எங்கே போனது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

தொடக்கத்தில் அணியில் நிர்வாகத்துக்கு வேலையே இல்லை. மாணவர்கள் கேப்டனைத் தேர்ந்தெடுப்பார்கள். பயிற்சி, ஆள் தேர்வு எல்லாம் அவன் பொறுப்பு. இன்னொரு மாணவன் மேலாளர்: சக மாணவர்களிடம் சந்தா, ரயில் டிக்கெட், மைதான வாடகை. அணிக்குத் தனிச் சாப்பாட்டு மேசை: அரைவேக்காட்டு மாட்டிறைச்சி, ஆறிப்போன ரொட்டி, தண்ணீர் அளவோடு. தண்ணீரைக் குறைத்தது பெரிய தப்பு. அப்போது அதைப் பயிற்சி என்றே நம்பினார்கள். வால்டர் கேம்ப்கூடச் சம்பளம் வாங்காத ஆலோசகர். பகலில் நியூ ஹேவன் கடிகாரக் கம்பெனியில் வேலை. மாலைப் பயிற்சியை அவர் மனைவி ஆலிஸ் பார்த்துக் குறிப்பெடுத்து வந்து சொல்வார்; இரவில் கேப்டன் வீட்டுக்கு வந்து பேசுவான்.

ஹார்வர்ட் ஆசிரியர்கள் 1885ல் ஆட்டத்தையே தடை செய்தார்கள். ஒரே பருவம், 1886ல் திரும்ப வந்துவிட்டது. அதற்கு முன்னால் 1860லும் ஒரு தடை. புது மாணவருக்கும் இரண்டாம் ஆண்டு மாணவருக்கும் 'ரத்தத் திங்கள்' என்ற பெயரில் பருவத் தொடக்கத்தில் ஒரு மோதல் நடக்கும், பந்து ஒரு சாக்கு. அதை நிறுத்தியபோது மாணவர்கள் பந்துக்குப் பாடை கட்டி, இரங்கல் படித்துப் புதைத்தார்கள். பிற கல்லூரிகளில் கைத்தடிச் சண்டை: ஒரே தடியை இரண்டு வகுப்பும் பற்றிக்கொண்டு புரள வேண்டும், நேரம் முடிந்ததும் தடியில் யார் கை அதிகம் என்று எண்ணுவார்கள். கேள்வி கேட்டவர் சொன்ன முரட்டுத்தனம் இங்கே உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கால்பந்து வருவதற்கு முன்பே இருந்தது. 1869 ஆட்டத்தில் ஏன் அந்த அளவு ரத்தம் இல்லை, 1892ல் ஏன் இருந்தது என்பதற்கு அது பதிலாகாது.

ஜூன் 10, இரவு 9.50

படகுப் போட்டி பற்றிக் கேட்டவருக்கு. கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் போட்டியே படகுதான். 1852 ஆகஸ்ட் 3, நியூ ஹாம்ப்ஷயரின் வினிபெசாக்கி ஏரி, ஹார்வர்ட் யேலை வென்றது. செலவு ரயில் கம்பெனியுடையது. ஏரிக்குப் பயணிகளை இழுக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. காசும் விளையாட்டும் பிறகு வந்து சேர்ந்தன என்பவர்கள் இந்தத் தேதியைப் பார்க்கட்டும்.

1870களில் ஆறு துடுப்பு, சுக்கான் பிடிப்பவர் இல்லை. துடுப்புக்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதால் முன்னே பார்க்க முடியாது. 1875ல் சரடோகாவில் 13 படகு, வென்றது கார்னெல். யேலும் ஹார்வர்டும் விலகி, எட்டுத் துடுப்பு, சுக்கானுக்கு ஒரு ஆள், 4 மைல் என்று தனியாகப் போட்டி வைத்துக்கொண்டன. 1878 முதல் அது அமெரிக்காவின் கனெக்டிகட்டில் உள்ள நியூ லண்டனில், அங்குள்ள தேம்ஸ் ஆற்றில். அந்தக் காலத்தில் ஆற்றோரத் தண்டவாளத்தில் திறந்த ரயில் பெட்டிகளில் பலகை போட்டு உட்கார்ந்து, படகு போகும் வேகத்திலேயே பார்த்தபடி போகலாம்.

ஜூன் 11, காலை 7.20

ஹார்வர்ட் தலைவர் சார்லஸ் எலியட் கால்பந்தைக் கடைசிவரை எதிர்த்தவர். ஆனால் விளையாட்டு விரோதி அல்ல. 1858ல் அவரே படகு வலித்தார். தம் படகு தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று அணிக்குச் சிவப்புக் கைக்குட்டை வாங்கினார்கள். ஹார்வர்டின் நிறம் அதிலிருந்து வந்தது.

ஜூன் 12, இரவு 10.25

முடிவுப் பகுதி பாக்கி. 1894ல் விதிக்குழு ஆப்பைக் கொன்றது. தொடக்க உதை குறைந்தது 10 கெஜம் போக வேண்டும், எதிராளி அதற்குள் தொட்டால் ஒழிய. கூட்டமாக ஓடி வருவதற்குக் கட்டுப்பாடு. ஆட்ட நேரம் 90 நிமிஷத்திலிருந்து 70. கோட்டைப் பார்க்க ஒரு அதிகாரி கூடுதல்.

அதே நவம்பர் 24ல் ஹாம்ப்டன் பார்க்கில் ஹார்வர்டும் யேலும் ஆடிய ஆட்டம் ரத்தக்களரி என்றே பெயர் வாங்கியது. யேல் 12-4. மேலே கொடுத்த கணக்கில் போட்டுப் பாருங்கள்: யேலுக்கு இரண்டு டச்டவுன், இரண்டு உதை; ஹார்வர்டுக்கு உதை தவறிய ஒரு டச்டவுன். 1895லும் 1896லும் இரண்டு கல்லூரியும் மோதவே இல்லை.

ஆப்பைத் தடுத்த பிறகும் ஏன் அடங்கவில்லை? 1894 விதி தொட்டது தொடக்க உதையை. 5 கெஜமும் மூன்று முயற்சியும் முழங்கால் பிடியும் அப்படியே இருந்தன. வரிசையை விரித்து ஆட இன்னும் காரணம் பிறக்கவில்லை. அது பிறந்தது 1906ல், முன்னே பந்தெறிவதை அனுமதித்து 5 கெஜத்தை 10 ஆக்கியபோது.

ஜூன் 13, காலை 6.40

10 கெஜ விதி இன்றும் உண்டா என்றால், உண்டு. கடைசி நிமிஷத்தில் பின்தங்கிய அணி தொடக்க உதையைக் குட்டையாக உதைத்து, பந்து சரியாக 10 கெஜம் தாண்டும்வரை காத்திருந்து பாய்கிறதே, அந்த இடத்தில் 1894 வரி அப்படியே நிற்கிறது. எதிராளி முன்னதாகத் தொட்டுவிட்டால் காத்திருக்க வேண்டாம் என்பதும் அதே வரிதான்.